கார் கூரைத் துணி தொங்குகிறதா? முதலில் ஃபோமைத் தொட்டுப் பாருங்கள்

காரின் உள்கூரைத் துணி லேசாக இறங்க ஆரம்பித்ததும் பெரும்பாலானவர்கள் தேடுவது பசை டப்பாவைத்தான். துணி பிரிந்திருக்கிறது, பசை அடித்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பது இயல்பு. நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். சிரிஞ்சில் பசை ஏற்றித் துணிக்குள் செலுத்தி, ஒரு அட்டையை வைத்து முட்டுக்கொடுத்து ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். காலையில் கச்சிதமாக இருந்தது. மதிய வெயில் ஏறியதும் அதே இடம் மறுபடியும் இறங்கியது. கூடவே துணியில் பசை ஊறிய திட்டும் வந்துவிட்டது.

அந்தப் பசையில் குறை ஏதும் இல்லை. அது பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமே மிச்சம் இருக்கவில்லை.

இன்றைய கார்களில் கூரை லைனிங் மூன்று அடுக்காக இருக்கும். மேலே, கூரையின் வளைவுக்கு ஏற்ப வார்த்த போர்டு. அழுத்திய அட்டை, நார், கண்ணாடி இழை என்று காருக்குக் கார் மாறும். கீழே நம் கண்ணுக்குத் தெரிகிற மெல்லிய துணி. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலியூரித்தேன் ஃபோம். இந்த ஃபோம் துணியோடு சேர்ந்தே தயாராகி வருவது. போர்டில் ஒட்டப்பட்டிருப்பது ஃபோம்தான், துணி இல்லை. ஆண்டுக்கணக்கில் கூரைத் தகரத்தின் சூட்டையும் காற்றின் ஈரத்தையும் வாங்கி வாங்கி அந்த ஃபோம் உதிர ஆரம்பிக்கிறது. பாதி துணியோடு போகும், மீதி போர்டிலேயே தங்கும். நடுவில் இருப்பது வெறும் தூள். தூள்மேல் எவ்வளவு நல்ல பசையை அடித்தாலும் அது தூளைத்தான் ஒட்டும்.

ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை. டிக்கிக் கதவின் மேல் ஓரத்தில் இருக்கும் ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் இறக்கினால் லைனிங்கின் விளிம்பு தெரியும். இல்லாவிட்டால் கூரையில் இருக்கும் உள்விளக்கை (டோம் லைட்) கழற்றி அந்தத் துளை ஓரத்தில் பாருங்கள். துணியை நகத்தால் லேசாகத் தூக்கிப் பின்பக்கத்தை விரலால் தேயுங்கள். ஃபோம் அமுங்கி மறுபடி எழுந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். விரலில் ஆரஞ்சு அல்லது பழுப்பு நிறத் தூள் அப்பிக்கொண்டாலோ, பிசுபிசுவென்று மாவு போலக் கரைந்தாலோ ஃபோமின் கதை முடிந்தது. கீழே சொல்லும் எல்லாமே இந்த விரல் சோதனையைப் பொறுத்துத்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மிகப் பழைய கார்களில் துணியையோ ரெக்சினையோ குறுக்குவாட்டில் வரிசையாகத் தைத்து, தையலுக்குள் இரும்புக் கம்பிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அங்கே போர்டும் இல்லை, ஃபோமும் இல்லை. அது தையல்காரர் வேலை, இந்த வழிமுறை அதற்குப் பொருந்தாது.

ஓரம் மட்டும் பிரிந்து நாக்கு போலத் தொங்குகிறது

கண்ணாடி ஓரம், சன்ரூஃப் ஓரம், டிக்கிப் பக்கம் ஆகிய இடங்களில் இது முதலில் வரும். விரல் சோதனையில் ஃபோம் நன்றாக இருந்தால் சந்தோஷப்படுங்கள், அரை மணி நேர வேலைதான். பீடிங்கையோ பிளாஸ்டிக் ட்ரிம்மையோ இறக்கி, பிரிந்த பகுதியைத் தூக்கி, உதிரித் தூளைத் தட்டி எடுங்கள். சூடு தாங்கும் கான்டாக்ட் பசையைச் சின்ன பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் மெலிதாகத் தடவி, பளபளப்பு போகும்வரை காயவிட்டு ஒட்டுங்கள். காருக்குள் ஸ்பிரே அடிக்காதீர்கள். எவ்வளவு மூடி வைத்தாலும் துளி எங்காவது சீட்டில் விழும்.

விளிம்பைப் பீடிங்குக்குள் செருகும்போது பிளாஸ்டிக் அட்டை மாதிரி தட்டையான ஏதாவது ஒன்றால் தள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர் நுனி துணியைக் கிழித்துவிடும்.

நடுவில் உள்ளங்கை அளவுக்கு உப்பி இறங்கியிருக்கிறது

ஃபோம் இன்னும் தூளாகவில்லை என்றால் சூடு ஒரு தடவை உதவக்கூடும். துணிக்கான ஸ்டீமரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஆவி காட்டி, சுத்தமான ரோலரால் மெதுவாக உருட்டினால் பழைய பசை இளகி மறுபடி பிடிக்கும். சில கார்களில் கொஞ்ச காலம் ஓடும். ஆவியை ஒரே இடத்தில் நிறுத்தினால் துணியில் ஈரவட்டம் விழும்.

ஃபோம் தூளாகிவிட்டதா? அப்போது இது பெரிய வேலையின் முன்னறிவிப்பு. நேரம் கிடைக்கும்வரை சமாளிக்க, திருகு வடிவக் கம்பி கொண்ட லைனிங் பின்கள் கிடைக்கின்றன. அவற்றைத் துணி வழியாகப் போர்டுக்குள் திருகிவிடலாம். பார்வைக்கு அழகாக இருக்காது, ஆனாலும் ஓட்டுநரின் கண்ணை மறைக்கும் துணியைவிட எவ்வளவோ மேல். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கதவுகளுக்கு மேலே கூரையின் பக்க ஓரங்களில் பின் குத்தக் கூடாது. திரை ஏர்பேக் (மோதலின்போது பக்கக் கண்ணாடிகளை மறைத்துத் திரை போல விரியும் காற்றுப்பை) இருக்கும் காரில் அது அங்கேதான் மடிந்து கிடக்கும்.

சிரிஞ்சில் பசை ஏற்றுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காரணத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

துணி தலையில் உரசுகிறது, தோளில் ஆரஞ்சுத் தூள் கொட்டுகிறது

இதற்கு ஒட்டுவேலை கிடையாது. போர்டை வெளியே எடுத்து, பழையதை முழுக்கச் சுரண்டி, புதுத் துணி போட வேண்டும். பயப்பட வேண்டாம். நுட்பத்தைவிடப் பொறுமை அதிகம் கேட்கிற வேலை இது. ஒரு வாரக்கடைசியை முழுதாக ஒதுக்குங்கள். போர்டைத் தூக்கும் நேரத்துக்கு மட்டும் இன்னொருவர் வேண்டும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். ஏர்பேக் அமைப்பில் தங்கியிருக்கும் மின்சாரம் இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். பில்லர் ட்ரிம்களுக்கு (கூரையைத் தாங்கும் தூண்களை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறைகள்) பின்னால் ஏர்பேக் வயரும் துணிப்பையும் இருக்கலாம். மஞ்சள் நிறக் கனெக்டரைப் பார்த்தால் தொடாதீர்கள், இழுக்காதீர்கள்.

அப்புறம் வரிசையாகச் சன் வைசர் (வெயில் மறைக்கும் பலகை), கைப்பிடிகள், கோட் மாட்டும் கொக்கி, டோம் லைட், பில்லர் ட்ரிம், கதவுகளின் பீடிங் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கைப்பிடிகளின் ஸ்க்ரூ சின்ன பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றின் ஸ்க்ரூவையும் தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள், நீளம் மாறினால் கூரைத் தகரத்தில் முட்டிவிடும். வயர் போகும் பாதையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறைய போர்டுகளில் வயரைப் பின்பக்கமே ஒட்டியிருப்பார்கள்.

கடைசிக் கிளிப் விடுபடும்போது போர்டு திடீரென்று முழு எடையோடு இறங்கும். எடை அதிகம் இல்லை, ஆனால் வளைந்தால் மடிப்பு விழுந்துவிடும். அந்த மடிப்பு புதுத் துணியிலும் கோடாகத் தெரியும். முன் சீட்டுகளை முழுக்கச் சாய்த்து, டிக்கிக் கதவு பெரிதாக இருந்தால் அந்த வழியாகவும், இல்லாவிட்டால் முன்பக்கப் பயணி கதவு வழியாகவும் சாய்த்து எடுங்கள். சில கார்களில் கண்ணாடி பொருத்துவதற்கு முன்பே போர்டை உள்ளே வைத்துவிடுவார்கள், பிறகு கதவு வழியாக வராது. வராததை வற்புறுத்தாதீர்கள்.

வெளியே வந்ததும் துணியை ஒரு மூலையிலிருந்து உரித்தால் மொத்தமாக வந்துவிடும். மிச்சம் நிற்கிற ஃபோம்தான் இந்த வேலையின் இதயம். முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி இழை போர்டு என்றால் கையுறையும் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நாளைக்கு அரிக்கும். நைலான் பிரஷ்ஷால் நீளவாக்கில் தேயுங்கள். தூள் ஈரமில்லாத மணல் போல உதிரும். இரும்பு பிரஷ் வேண்டாம், அது போர்டையே பிய்க்கும். தின்னரும் வேண்டாம், போர்டின் அடுக்குகள் ஊறிப் பிரியலாம்.

தேய்த்து, வேக்குவம் பிடித்து, மறுபடி தேயுங்கள். போதுமா என்று எப்படித் தெரியும்? உள்ளங்கையைப் போர்டின்மேல் அழுத்தி ஒரு முழம் இழுங்கள். கை நிறம் மாறாமல் வர வேண்டும். அப்புறம் மாஸ்கிங் டேப்பை ஒட்டி உரியுங்கள். டேப்பின் பசைப்பக்கம் மாவு பூசியது போல மங்கியிருந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். பழைய துணியை வீழ்த்தியது இந்தத் தூள்தான், அதில் கொஞ்சம் விட்டுவைத்தாலும் புதுத் துணியும் அதே வழியில் போகும்.

துணி: பின்புறம் ஃபோம் சேர்ந்து வரும் ஹெட்லைனர் (கூரை லைனிங்) துணியையே வாங்குங்கள். ஃபோம் இல்லாத சாதாரணத் துணியை ஒட்டினால் போர்டின் ஒவ்வொரு கீறலும் பசைத் துளியும் வெளியே தெரியும். பெரும்பாலும் 150 சென்டிமீட்டர் அகலத்தில் வரும். போர்டை அளக்கும்போது டேப்பை இரண்டு முனைக்கும் நேராக இழுத்து அளக்கக் கூடாது. ஒவ்வொரு பள்ளத்திலும் இறக்கி, மேட்டில் ஏற்றி அளந்து, அதற்குமேல் 15 சென்டிமீட்டராவது கூட்டிக்கொள்ளுங்கள். துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் அதிகம் நீளும். பள்ளங்கள் அதிகமுள்ள திசையில் அந்தப் பக்கம் வருமாறு வைத்தால் வேலை சுலபமாகும்.

பசை: காகிதம், கைவேலை ஒட்டும் பொதுவான ஸ்பிரே பசை இதற்கு ஆகாது. மூடிய கார் வெயிலில் நின்றால் உள்காற்றே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும், தகரத்தை ஒட்டிய போர்டு அதைவிடச் சூடாகும். டப்பாவில் ஹெட்லைனருக்கானது என்றோ அதிகச் சூடு தாங்கும் என்றோ எழுதியிருக்கிறதா, எத்தனை டிகிரிவரை என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். துணியில் மிச்சம்பிடித்தாலும் பசையில் மிச்சம்பிடிக்காதீர்கள்.

இனி ஒட்டுவது. காற்றோட்டமான, நெருப்பு இல்லாத இடம் வேண்டும். இந்தப் பசைகளின் கரைப்பான் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். மழை ஈரம் நிறைந்த நாளைத் தவிருங்கள். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பசைமேல் படியும், பிடிப்பு குறையும்.

துணியைப் போர்டின்மேல் விரித்து நடுவாக்கி, முன்பாதியை அப்படியே பின்னால் மடியுங்கள். திறந்திருக்கும் போர்டு, மடிந்த துணியின் ஃபோம் என்று இரண்டு பக்கமும் பசை அடிக்க வேண்டும். முதலில் நீளவாக்கில் மெலிதாக, பிறகு குறுக்குவாக்கில் மெலிதாக. ஓரங்களிலும் பள்ளங்களிலும் கூடுதலாக ஒரு கை. அப்புறம் காத்திருங்கள். விரல் முட்டியால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் தூக்கும்போது நூல் நூலாக வரக் கூடாது, முட்டியிலும் பசை ஏறக் கூடாது. அதுதான் நேரம்.

மடிப்பிலிருந்து ஆரம்பித்து, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, நடுவிலிருந்து வெளியே தடவிக்கொண்டே துணியை இறக்குங்கள். இஸ்திரி போட்ட சட்டையைத் தடவும் அழுத்தம் போதும். அதற்குமேல் அழுத்தினால் ஃபோம் நசுங்கி விரல் தடம் நிற்கும். பள்ளம் வரும் இடத்தில் துணி பாலம் போல மேலேயே நிற்கப் பார்க்கும். அங்கே முதலில் பள்ளத்தின் அடியைத் தொட்டு ஒட்டி, பிறகு சரிவுகளில் மேலே வாருங்கள். துணியை விறைப்பாக இழுக்கத் தோன்றும், இழுக்காதீர்கள். இழுத்து ஒட்டிய துணி தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கும். முன்பாதி முடிந்ததும் பின்பாதி.

விளிம்பில் 2, 3 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, பின்னால் மடித்து ஒட்டுங்கள். வளைவான மூலையில் சின்னச் சின்ன வெட்டுகள் கொடுத்தால் சுருக்கம் விழாது. ஏர்பேக் இருக்கும் பக்க ஓரங்களில் மட்டும் முன்பு எவ்வளவு தூரம் மடித்திருந்ததோ அவ்வளவே மடியுங்கள், அங்கே கூடுதல் அடுக்கு வேண்டாம். விளக்கு, வைசர் துளைகளை அன்றே வெட்டாதீர்கள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு, துளையின் நடுவில் பெருக்கல் குறி போலக் கீறி, நாலு முக்கோணத்தையும் உள்ளே மடியுங்கள்.

பழுப்பு வட்டம், ஈர வாடை

துணியைத் துடைப்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சன்ரூஃப் இருந்தால் முதல் சந்தேகம் அதன் வடிகால் குழாய்கள்மேல். சன்ரூஃபைத் திறந்து ஓரத்து வாய்க்காலில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக விட்டால் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். தேங்கி நின்றால் குழாய் அடைத்திருக்கிறது. மெல்லிய நைலான் நரம்பை நுழைத்துச் சுத்தம் செய்யலாம். பலமாகக் காற்றடித்தால் குழாய் உள்ளேயே கழன்றுவிடும், எச்சரிக்கை. சன்ரூஃப் இல்லாத காரில் ஆன்டெனாவின் அடிப்பாகம், கூரைக் கம்பியின் போல்ட்டுகள், முன்கண்ணாடியின் மேல் விளிம்பு இவற்றைப் பாருங்கள். கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்பதில்லை. தகரத்தின் உள்பக்கமாக ஓடி, தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும்.

ஒழுக்கு நின்ற பிறகு, மிதமான சோப்பு நுரையை மட்டும் மைக்ரோஃபைபர் துணியில் எடுத்துத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தண்ணீரைக் கொட்டி ஊறவைத்தால் கறை போகும், கூடவே ஒட்டும் விட்டுப்போகும். வாடை போகவில்லை என்றால் போர்டின் பின்பக்கம் ஊறியிருக்கிறது. கழற்றிக் காயவைப்பதைத் தவிர வழியில்லை.

போர்டு மடிந்து விரிசல் விட்டுவிட்டது

துணியை உரித்த நிலையில் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். போர்டைக் கவிழ்த்து, அதன் வளைவு மாறாதபடி கீழே தலையணையோ அட்டைப்பெட்டியோ கொடுத்து, பின்பக்கத்தில் விரிசலுக்கு இருபுறமும் 5 சென்டிமீட்டர் வரும்படி கண்ணாடி இழைத் துணித் துண்டை எபாக்ஸியில் (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) நனைத்து ஒட்டுங்கள். தடிமனாகப் போட்டால் போர்டு கூரைக்குள் உட்காராது. முன்பக்கம் மேடு இருந்தால் லேசாகத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். சூட்டில் உருக்கி ஒட்டும் துப்பாக்கிப் பசை இங்கே வேண்டாம், கூரைச் சூட்டில் அதுவும் இளகும்.

புதுத் துணியிலேயே கோளாறு

துணிமேல் ஈரத்திட்டுப் போல மங்கலான புள்ளிகள் தெரிந்தால் பசை அதிகமாகி, காயும் முன்பே அழுத்தியிருக்கிறீர்கள். கரைப்பான் ஃபோமைத் தின்று துணிவரை வந்துவிட்டது. அதைத் துடைத்து எடுக்க முடியாது. வைசர் மறைக்கும் இடம் என்றால் விட்டுவிடலாம்.

ஒட்டிய சில நிமிடங்களுக்குள் சுருக்கம் தெரிந்தால் அருகிலுள்ள ஓரத்திலிருந்து மெதுவாகத் தூக்கி மறுபடி தடவலாம். வெடுக்கென்று இழுத்தால் ஃபோம் துணியிலிருந்தே பிரிந்துவிடும்.

பள்ளத்தில் மட்டும் சில நாளில் தூக்கிக்கொண்டால் துணியை இழுத்து ஒட்டியதன் விளைவு. அருகிலுள்ள விளிம்பின் மடிப்பைப் பிரித்து, துணிக்குத் தளர்வு கொடுத்து, பள்ளத்தில் பிரஷ்ஷால் பசை தடவி மறுபடி அமர்த்த வேண்டும். மொத்தத் துணியும் முதல் கோடையிலேயே இறங்கினால் துணியின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஃபோம் முழுதாக, பசைப்பக்கம் பளபளப்பாக இருந்தால் சூடு தாங்காத பசை. ஃபோம்மேல் பழைய ஆரஞ்சுத் தூள் படிந்திருந்தால் சுரண்டியது போதவில்லை.

பூட்டிய பிறகு கடகடவென்று சத்தம்

பெரும்பாலும் பின்பக்கம் ஒட்டாமல் விட்ட வயர்தான் தகரத்தில் தட்டும். வண்டி ஓடும்போது பின்சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, கூரையை அங்கங்கே உள்ளங்கையால் தாங்கச் சொல்லுங்கள். எங்கே தாங்கினால் சத்தம் நிற்கிறதோ அந்தப் பக்கத்து ட்ரிம்மை இறக்கி, வயரைத் துணி டேப்பால் போர்டோடு சேர்த்து ஒட்டுங்கள். வயர் சரியாக இருந்தால் அடுத்து உடைந்த கிளிப்பைத் தேடுங்கள். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் கழற்றும்போதே ஒன்றிரண்டு உடையும், எண்ணி வைத்துப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.